எல்லை கடக்கும் நங்கை

நெய்யாற்றின்கரை என்ற ஊர்ப்பெயரைச் சற்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். நெய்யாறு என்னும் ஆற்றுப்பெயர் ஒற்று இரட்டித்து, இன் சாரியை ஏற்று, கரையோடு கூடி நிற்கும் அழகில் நம் இலக்கணம் அப்படியே துலங்குகிறது. மலையாளத்தார் நாவில் ஈற்று ஐகாரம் மட்டும் அகரமாகி நெய்யாற்றின்கர என்று ஒலிக்கிறது. நம் பாறை அங்கே பாற, நம் மழை அங்கே மழ, நம் தலை அங்கே தல. இந்த ஓர் ஒலிவிதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் தேடிப்போகும் பெயரை அடையாளம் காண அதுவே துணை.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரை நீளும் ஊர்களில் தமிழ் வழங்கும் வீடுகள் இன்றும் உண்டு. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாக வாழ்கிறவர்களுக்கு ஒரு சொல்லின் இரண்டு பொருளும் ஒருசேரக் காதில் விழும். பால் அடையாளத்தாலும் ஈர்ப்பாலும் பலரிடமிருந்து வேறுபட்டவர்கள் இரு மாநிலங்களிலும் கூடும் விழாக்களின் பெயர்களை ஆராய இந்த எல்லைப்புறக் காதே தகுந்த காது.

முதலில் வர்ணப்பகிட்டு. கேரள அரசின் சமூகநீதித் துறை திருநர் சமூகத்தாருக்காக நடத்தும் கலைவிழாவின் பெயர் அது. திருச்சூரிலும் கோழிக்கோட்டிலும் அரங்கேறியிருக்கிறது. 1997-ல் ஐ. வி. சசி இயக்கி மோகன்லால் நடித்த திரைப்படம் ஒன்றுக்கும் இதே பெயர் என்பதால் மலையாளிகளுக்கு இது முன்பே பழகிய தொடர். வர்ணம் வடசொல், பாகத வழியில் வண்ணமாகி நம்மிடம் வந்து, தொல்காப்பியச் செய்யுளியலில் இருபது வகைச் சந்தங்களுக்குப் பெயராகும் அளவுக்கு வேரூன்றிய சொல். வண்ணம் என்றால் நிறம், வண்ணம் என்றால் ஓசையின் நடை. இசையிலும் பரதத்திலும் வர்ணம் என்றால் ஆடுவோரின் முழுத்திறத்தையும் கேட்கும் நெடிய உருப்படி. ஒரு கலைவிழாவுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மொழி கிடைக்காது.

அடுத்து நிற்கும் பகிட்டு நம் பகட்டுதான். இங்கே நடுவில் அகரம், அங்கே இகரம். எழுத்தில் வேற்றுமை அவ்வளவே. பொருளில் வேற்றுமை பெரிது. மலையாளத்தில் பகிட்டு என்றால் பொலிவு, ஒளிர்வு, கண்ணை நிறைக்கும் மினுக்கம். பொன்னுக்கும் பட்டுக்கும் திருவிழாவுக்கும் மனமாரச் சொல்லும் பாராட்டு. தமிழில் அந்தச் சொல் பாராட்டிலிருந்து இறங்கிப் பழிப்புக்கு வந்துவிட்டது. பகட்டுக்காரன், பகட்டு வாழ்க்கை, வெறும் பகட்டு என்று எங்கே வந்தாலும் உள்ளே ஒன்றுமில்லை என்ற ஏளனம் கூடவே வருகிறது. ஆனால் பகட்டுதல் என்னும் வினைக்குப் பொலிதல் என்ற பொருளையும் நம் அகரமுதலிகள் காத்துவைத்திருக்கின்றன. மலையாளம் அந்தப் பொலிவைக் கைவிடாமல் வைத்துக்கொண்டது. நாம் ஆடம்பரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பேருந்து நிலையத்திலும் கடைவீதியிலும் திருநங்கையரைப் பார்த்து நம்மவர் சொல்லும் குறைகளில் முதன்மையானது, பகட்டாக உடுத்துகிறார்கள் என்பது. வண்ணச் சேலையும் தலைநிறையப் பூவும் உதட்டுச்சாயமும் பழிக்கான சான்றுகளாகிவிடுகின்றன. எல்லைக்கு அப்பால் அதே சொல்லை ஓர் அரசுத் துறை விழாவின் முகப்பில் எழுதி, இவர்களின் பகிட்டைக் காண வாருங்கள் என்று ஊரை அழைக்கிறது. பாறசாலையில் அந்த அறிவிப்பைப் படிக்கும் ஒரு தமிழர் தம் மொழியின் பழைய பொருள் ஒன்று தம்மிடமே திரும்பி வருவதைக் காண்கிறார்.

இரண்டாவது பெயர் சமயவிளக்கு. கொல்லம் மாவட்டத்துச் சவறையில் உள்ள கொட்டங்குளங்கரை தேவி கோயிலில் மீன மாதத்து 10, 11 ஆகிய நாள்களில், நம் கணக்கில் பங்குனியில், நடக்கும் விளக்கு அது. ஆண்கள் மீசை மழித்து, கண்ணுக்கு மை தீட்டி, சேலை கட்டி, பூச்சூடி, ஐந்திரி விளக்கை ஏந்தி வரிசையாக நிற்கிறார்கள். மாடு மேய்த்த சிறுவர்கள் பெண்வேடமிட்டுக் கல் ஒன்றை வழிபட்டதிலிருந்து தொடங்கியது என்பது கோயில் வழக்காறு. சுற்றிலும் போட்டிருக்கும் ஒப்பனைக் கொட்டகைகளில் ஒருவர் கண்ணாடியைப் பிடிக்க, மற்றொருவர் கொசுவம் மடித்துச் செருக, வந்தவர் மெல்ல மெல்ல வேறொருவராக எழுந்து நிற்கிறார். வேண்டுதலுக்காக ஒருநாள் மட்டும் சேலை உடுத்துகிறவர்களோடு, அந்தச் சேலையே தங்கள் இயல்பு என்று வாழ்கிற திருநங்கையரும் பெருந்திரளாக வந்து கூடும் நாள்கள் அவை.

சமயவிளக்கு என்றதும் தமிழ்க் காது மதத்தை நினைக்கும். அந்தச் சமயம் வடமொழி வழி வந்த வேறு சொல். இந்தச் சமயம் நம் சமைதல் என்னும் வினையோடு பிறந்தது. சமைதல் என்றால் அணியமாதல், உருவாதல். அடுப்பில் சமைப்பது உணவைப் பக்குவமாக்குவது. பெண் சமைந்தாள் என்றால் பருவம் நிறைந்தாள். புதிய உலகம் சமைப்போம் என்றால் படைப்போம். மலையாளத்தில் சமயுக என்பது அணிந்து ஒருங்குதல். சமயம் என்பது ஒப்பனை. அங்கே நாடகத்திலும் திரைப்படத்திலும் முகம் எழுதும் கலைக்கு அதுவே பெயர். வேரின் பொருளை நினைத்துப் பாருங்கள். வேடம் என்ற சொல்லில் இல்லாததை மேலே போர்த்திக்கொள்ளும் குறிப்பு இருக்கிறது. சமைதலில் உள்ளிருப்பது பக்குவப்பட்டு வெளிவரும் குறிப்பு இருக்கிறது. கண்ணாடிமுன் அமர்ந்திருக்கும் ஒரு திருநங்கைக்கு இந்த இரண்டில் எது பொருந்தும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

விழாக்களின் பெயர் இப்படி என்றால், விழாவுக்கு வருவோரின் பெயர் என்ன? இங்கே வழி கரடுமுரடானது. பழைய பெயர் பேடு, பேடி. பெண், பெடை, பேடை என்னும் சொற்களோடு ஒரே குடும்பத்தில் பிறந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களில் பேடு ஒன்று. காமன் ஆடியதாகச் சொல்லப்படும் கூத்து அது. மணிமேகலையில் தாடியும் கூந்தலும் ஒருங்கே கொண்ட பேடியின் ஆட்டத்தைத் தெருவில் மக்கள் கூடி நின்று பார்க்கிறார்கள். ஆக, இவர்களின் கலையும் அதைக் காணக் கூடும் கூட்டமும் நம் காப்பியக் காலத்திலேயே ஊர்க்காட்சியின் பகுதி.

இலக்கண நூலார் இன்னும் நுட்பமாக நின்றார்கள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் வைக்கிறார். அதே நூற்பாவில் பக்கத்திலேயே தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களை வைக்கிறார். தமக்கெனத் தனி ஈறு இல்லாத இவ்விரு வகையும் உயர்திணைப் பால்களின் முடிபைப் பெறும் என்பது விதி. ஆண்பால் ஈறு ஆண்மை திரிந்தோருக்கு ஆகாது என்று மற்றொரு நூற்பாவில் தெளிவாக்குகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் அவாவுதல் என்ற வினையை ஆள்கிறார். ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால். பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். உடலைப் பார்த்துப் பால் வகுக்காமல் விருப்பத்தைப் பார்த்து வகுத்த அந்த ஒரு வினைச்சொல்லுக்காகவே நன்னூலாரை வணங்கத் தோன்றுகிறது. அஃறிணை போல வழங்கவும் அவர் இடம் விட்டார் என்பதையும் மறைக்கக் கூடாது. தெருவில் இவர்களை ‘அது’ என்று சுட்டும் கொடுமையோடு அந்த இடத்தைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒருவர் தம்மை எந்தப் பாலினராக உணர்கிறாரோ அதுவே அவர் பால் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தபோது, நன்னூலின் அவாவுதல் சட்டத்தின் மொழியில் மறுபடி ஒலித்தது.

ஆயினும் பேடி என்ற பெயர் தாழ்ந்துபோயிற்று. அவையஞ்சாமை அதிகாரத்தில் திருவள்ளுவர் அச்சத்துக்கு உவமையாக அதை எடுத்தாண்டார். பேடித்தனம் என்றால் கோழைத்தனம் என்று வழக்கு இறுகியது. எல்லையைக் கடந்தாலோ பேடி என்பதற்கு நேர்ப்பொருளே அச்சம்தான். அஞ்சாதே என்பதற்குப் பேடிக்கண்டா என்பார்கள். பாறசாலைப் பக்கத்து வீட்டில் இந்தச் சொல் விழுந்தால் இரு மொழியின் இழிவும் ஒருங்கே விழும். காப்பியத்தில் கூத்தின் பெயராக இருந்தது கோழையின் பெயராகிவிட்ட பிறகு அதை இன்னொருவர்மேல் வைக்க நமக்கு உரிமை இல்லை.

அடுத்து வந்தது அரவாணி. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவில், களப்பலியாகும் அரவானை மணந்து தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழும் சடங்கிலிருந்து பிறந்த பெயர். பாரதப் போருக்கு முன் அரவானை மணக்கக் கண்ணன் மோகினியாக வந்தான் என்பது தமிழகக் கதை. அந்த மோகினியின் பெயரைத்தான் கேரளம் தன் மோகினியாட்டத்துக்குச் சூட்டியிருக்கிறது. கூவாகத்துக்கு முந்தைய நாள்களில் விழுப்புரத்தில் அழகிப் போட்டியும் கலைநிகழ்ச்சிகளும் நடக்கின்றன. நாடெங்குமிருந்து வருவோர் பழைய தோழியரைத் தேடிக் கண்டுபிடிக்கும் கூடுகையும் அதுவே. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தபோதும் அரவாணி என்ற பெயரே முதலில் வழங்கியது. பெயர் அழகியதுதான். ஆனால் ஓரிரவுத் திருமணத்தையும் மறுநாள் கைம்மையையும் அது எப்போதும் சுமந்துகொண்டிருக்கிறது. எல்லாத் திருநங்கையரும் கூவாகத்துச் சடங்குக்கு உரியவரும் அல்லர்.

பிறகு நிலைத்த பெயர் திருநங்கை. முதல்வர் மு. கருணாநிதியின் ஆட்சிக்காலத்தில் அரசு வழக்கிலும் ஏடுகளிலும் அது பரவியது. வாரியம் அமைந்த ஏப்ரல் 15 இன்று தமிழ்நாட்டில் திருநங்கையர் நாளாகவே கொண்டாடப்படுகிறது. கிட்டப்பா பிள்ளையிடம் தஞ்சை நடன மரபைப் பயின்று 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜைக் குறிக்க இதைவிடத் தகுந்த சொல் நம்மிடம் இல்லை. திரு என்பதற்குப் பார்ப்பவர் விரும்பும் தன்மை என்ற கருத்தில் திருக்கோவையார் உரையில் பேராசிரியர் தந்த விளக்கம் புகழ்பெற்றது. செல்வமும் பொலிவும் மதிப்பும் அதற்குள் அடக்கம். பகட்டின் பழைய பொருளான பொலிவு இங்கே திருவின் வழியே மீண்டும் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இனி நங்கை. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. என் தம்பி, உன் தம்பி, தன் தம்பி. என் தங்கை, உன் தங்கை, தன் தங்கை என்று முறைப்பெயருக்குள்ளேயே உரிமையை வைத்துக் கட்டியவர்கள் நம் முன்னோர். அந்த வரிசையில் நம் என்பதை வைத்துப் பாருங்கள்: நம்பி, நங்கை. நம்முடையவன், நம்முடையவள். நம்புதல் என்பதற்கு விரும்புதல் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் தருவதால், நம்பியை விரும்பத்தக்கவன் என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் கேடில்லை. ஒன்று உறவு, மற்றொன்று அன்பு. ஆடவரிற் சிறந்தவன் நம்பி, மகளிரிற் சிறந்தவள் நங்கை என்ற பொருள் இந்த உறவின்மேல் பின்னர் எழுந்தது. கொங்கு நாட்டில் நங்கை இன்றும் வீட்டு முறைப்பெயர். ஆக, திருநங்கை என்றாலும் திருநம்பி என்றாலும் முதலில் திரு என்னும் மதிப்பு, அடுத்து நம் என்னும் உரிமை.

இந்த இரண்டும் மலையாளத்துக்கு அந்நியமா? இல்லவே இல்லை. மாங்காய் அங்கே மாங்ங, தேங்காய் தேங்ங. ககரம் முன்னின்ற மெல்லினத்தோடு ஒன்றிக் கரைந்துவிடுவது அம்மொழியின் இயல்பு. அதன்படி நங்கையார் நங்ஙியார் ஆனார். கூத்தம்பல மேடையில் நம்பியார் மிழாவு கொட்ட நங்ஙியார் தனித்து ஆடும் நங்ஙியார்கூத்தில், நம் முழவும் நம் நம்பியும் நம் நங்கையும் நம் கூத்தும் ஓர் ஒலிமாற்றத்துக்கு அப்பால் அப்படியே இருக்கின்றன. கூடியாட்ட நாடகத்தின் பெண்பாத்திரங்களை நூற்றாண்டுகளாகத் தாங்கியவர்கள் அந்த நங்ஙியார்களே.

இதைவிட நேரான சான்று ஒன்று ஆண்டுதோறும் நெய்யாற்றின்கரை வீதியிலேயே நடந்து வருகிறது. நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். யானைமேல் சரஸ்வதி முன்செல்ல, பல்லக்கில் நங்கை வருகிறாள். குழித்துறை தாண்டிக் களியக்காவிளையில் கேரளக் காவல்துறையின் அணிவகுப்பு மரியாதை. பிறகு பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியே நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் இரவுத் தங்கல். வீட்டு வாசல்களில் விளக்கேற்றித் தட்டத்தோடு காத்திருப்பவர்கள் தமிழில் அவளை முன்னுதித்த நங்கை என்கிறார்கள். மலையாளத்தில் முன்னூற்றி நங்க. உதித்த என்பது தேய்ந்து முந்நூறு என்ற எண்ணின் சாயலைப் பெற்றுவிட்டது. ஈற்று ஐகாரம், தொடக்கத்தில் நாம் கண்ட விதிப்படி, அகரமாயிற்று. நங்ஙியாரில் கரைந்த ககரம் இங்கே கரையாமல் நிற்பதைக் காணுங்கள். வழிவழியாகத் தெற்கிலிருந்து வந்து சேரும் பெயர் என்பதற்கு அதுவே அடையாளம். பாறசாலையின் குழந்தைக்கும் நங்க என்றால் யார் என்று தெரியும். வாசலில் நின்று கும்பிட்ட பெயர் அது.

இந்நிலையில் கேரளத்தின் அரசு வழக்கிலும் செய்தித்தாளிலும் ட்ரான்ஸ்ஜென்டர் என்ற ஆங்கிலச் சொல்லே மலையாள எழுத்தில் வழங்குகிறது. 2015-லேயே இந்தியாவில் முதன்முதலாகத் திருநர் கொள்கை வெளியிட்ட மாநிலம் அது; செயலில் முந்தியவர்கள் சொல்லுக்கு ஆங்கிலத்தை நம்பியிருக்கிறார்கள். மாறாக, மாநில நலத்திட்டங்களுக்கு மழவில்லு என்று அழகாகப் பெயரிட்டார்கள். நம் வானவில் அங்கே மழைவில். தன்பால் ஈர்ப்புள்ள பெண்களுக்காக இயங்கும் அமைப்பு சகயாத்ரிகா என்று பெயர் கொண்டிருக்கிறது. நம் மொழியில் வழித்துணை. 2010-ல் திருச்சூரில் கேரளத்தின் முதல் பெருமித ஊர்வலம் நடந்தது; அதற்கு முந்திய ஆண்டில் சென்னையில் தொடங்கிய ஊர்வலத்துக்குத் தமிழில் வானவில் சுயமரியாதைப் பேரணி என்ற பெயர் வழங்குகிறது. பெருமிதத்தைச் சுயமரியாதை என்று சொல்லத் தமிழுக்கு ஒரு நூற்றாண்டுப் பயிற்சி இருந்தது. அந்தப் பயிற்சி இங்கே கைகொடுத்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு இச்சமூகத்தாரைக் குறிக்கத் தக்க சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டதும் அதே வழியில்தான்.

ஆகவே எல்லைப்புறத் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். பங்குனியில் சமயவிளக்கு, சித்திரையில் கூவாகம், ஏப்ரல் 15-ல் திருநங்கையர் நாள், அரசு அறிவிக்கும் நாள்களில் வர்ணப்பகிட்டு என்று ஆண்டு முழுவதும் அழைப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஊர் நூலகத்திலோ மன்றத்திலோ இவற்றைத் தமிழில் அறிவிக்க நேர்ந்தால், வண்ணப் பகட்டு என்று தயங்காமல் எழுதுங்கள். பகட்டு தன் பழைய ஒளியைப் பெறட்டும். வருவோரைத் திருநங்கையர் என்றும் திருநம்பியர் என்றும் எழுதுங்கள். பக்கத்துவீட்டு மலையாளிக்கு அதில் ஓர் அசைகூடப் புதிதாக இராது, அவர் விரும்பினால் திருநங்க என்று தம் மொழியில் எடுத்தும் கொள்ளலாம். எழுதியபின் நங்கை என்பதன் முதல் அசையைக் கைவிடாதீர்கள். மேடையில் ஆடும்போது கைதட்டுவதோடு நில்லாமல், மறுவாரம் அதே நங்கை வாடகைக்கு வீடு கேட்டு உங்கள் தெருவுக்கு வரும்போதும், உங்கள் கடையில் வேலை கேட்கும்போதும், நம் என்பதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பெயர் வைத்தவர்கள் அந்தப் பொருளில்தான் வைத்தார்கள்.